பதினான்கு மாடியும் ஏழு மீட்டரும்

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளுக்காகக் கூடலூரிலிருந்தோ பந்தலூரிலிருந்தோ உதகைக்கு வருகிறவர்கள் இருட்டோடு பேருந்து ஏற வேண்டும். பைக்காராவின் பனியைக் கடந்து வந்து இறங்கிய பிறகு, தாங்கள் தேடிவந்த அலுவலகம் நகரின் நடுமேட்டில் உள்ள பழைய ஆட்சியர் அலுவலகப் பகுதியில் இருக்கிறதா, பிங்கர்போஸ்ட்டில் உள்ள கூடுதல் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இருக்கிறதா, வேறெங்காவது ஒரு தனிக் கட்டடத்தில் இருக்கிறதா என்று விசாரித்து, மனுவும் கையுமாக மேடு ஏறி மேடு இறங்குவார்கள். அப்படி ஏறி இறங்கும்போது அவர்களில் பலர் கேட்கும் ஒரு கேள்வி பல ஆண்டுகளாக என் காதில் விழுந்து வருகிறது. சென்னையில் எல்.ஐ.சி. நிற்பதுபோல் இங்கும் ஒரே கட்டடத்தை உயர்த்தி, எல்லாத் துறைகளையும் மாடிக்கு ஒன்றாக அடுக்கிவிட்டால் என்ன?

கேள்வி நியாயமானது. அலைச்சலை அனுபவித்தவர்கள் கேட்பது. அதற்கு விடை சொல்ல வேண்டுமானால், அண்ணா சாலையில் அந்தக் கட்டடம் ஏன் உயர்ந்தது, எதன்மேல் உயர்ந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பிறகு மலையில் கட்டடங்கள் ஏன் ஏழு மீட்டரில் நிறுத்தப்பட்டன என்பதைப் பார்க்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நம்முடைய விதி எதை அளக்கிறது, எதை அளக்காமல் விட்டுவிட்டது என்பது தெரியவரும். குன்னூரில் வாழ்கிற எனக்கு அந்தக் கடைசிச் செய்திதான் முக்கியமானது.

காப்பீட்டுப் பணத்தில் எழுந்த உயரம்

உயரமான அலுவலகக் கட்டடம் என்ற ஒன்று உலகத்தில் தோன்றி ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கு முன் இரண்டு தடைகள் இருந்தன. ஒன்று படிக்கட்டு. நான்கைந்து மாடிகளுக்குமேல் தினமும் ஏறி இறங்க எந்தக் குமாஸ்தாவும் எந்த வாடிக்கையாளரும் தயாராக இல்லை. 1850-களில் அமெரிக்காவின் எலிஷா ஓடிஸ், கயிறு அறுந்தாலும் பெட்டி கீழே விழாமல் பிடித்துக்கொள்ளும் பாதுகாப்பு அமைப்பை மின்தூக்கியின் முன்னோடியான தூக்கிகளில் பொருத்திக் காட்டிய பிறகு அந்தத் தடை விலகத் தொடங்கியது. மற்றொன்று சுவர். செங்கல் சுவரோ கல் சுவரோ தன்மேல் உள்ள மாடிகள் அனைத்தின் பாரத்தையும் தாங்க வேண்டும் என்றால், மாடி கூடக் கூட அடிச்சுவர் தடித்துக்கொண்டே போகும். 1891-இல் சிகாகோவில் முடிந்த மோனாட்நாக் கட்டடம் பதினாறு மாடிகளைச் செங்கல் சுவரின்மேல் ஏற்றியது. அதன் அடிச்சுவர் ஏறத்தாழ ஆறடிக் கனம். கீழ்த்தளத்தில் வாடகைக்கு விடவேண்டிய இடத்தைச் சுவரே தின்றுவிட்டது.

அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே அதே ஊரில் வில்லியம் லி பரோன் ஜென்னி என்ற பொறியாளர் வேறு வழியைக் காட்டியிருந்தார். இரும்பாலும் எஃகாலும் ஒரு எலும்புக்கூட்டை நிறுத்தி, பாரத்தை அதன்மேல் ஏற்றி, சுவரை வெறும் மறைப்பாக ஆக்கும் வழி அது. பத்து மாடிகளுடன் 1885-இல் எழுந்த அந்தக் கட்டடத்தின் பெயர் ஹோம் இன்சூரன்ஸ் கட்டடம். பெயரே சொல்வதுபோல் அது ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கட்டப்பட்டது. 1909-இல் உலகின் மிக உயரமான கட்டடமாக நியூயார்க்கில் எழுந்து நின்றதும் மெட்ரோபாலிட்டன் லைஃப் என்ற ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் கோபுரம்தான். இது தற்செயல் இல்லை. ஆயுள் காப்பீட்டு நிறுவனத்திடம் இன்று வரும் தவணைப் பணத்தை இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் திருப்பித் தர வேண்டியிருக்கும். அவ்வளவு நாள் அந்தப் பணத்தைப் பத்திரமாக ஓரிடத்தில் போட்டு வைக்க வேண்டும். அதிலிருந்து வருமானமும் வர வேண்டும். நகரின் நடுவில் வாடகை தரும் கட்டடம் இரண்டுக்கும் பொருந்தும். அதோடு, முப்பது ஆண்டு கழித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்கும் நிறுவனம் அதுவரை நிலைத்து நிற்கும் என்ற நம்பிக்கையை, தெருவில் போகிற ஒவ்வொருவருக்கும் கட்டடம் தன் உருவத்தாலேயே கொடுத்துவிடும்.

சென்னைக்கும் உயரம் இந்த வழியில்தான் வந்தது. 1937-இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களில் ஒரே நேரத்தில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கிய எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார், யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தையும் நடத்திவந்தார். அந்த நிறுவனத்துக்காக, இன்று அண்ணா சாலை எனப்படும் மவுண்ட் ரோட்டில் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தை எழுப்பும் பணி 1950-களின் தொடக்கத்தில் ஆரம்பமாயிற்று. வரைபடம் போட்டவர்கள் இலண்டனைச் சேர்ந்த பிரவுன், மவுலின் என்ற கட்டடக் கலைஞர்கள். பதினெட்டு மாடிகள் என்பது முதலில் இருந்த திட்டம்.

அந்தக் கட்டடம் எழும்பி முடிவதைச் சிதம்பரம் செட்டியார் பார்க்கவில்லை. 1954 மார்ச்சில் சிங்கப்பூரில் தரையிறங்கும்போது நேர்ந்த விமான விபத்தில் அவர் இறந்துபோனார். இரண்டு ஆண்டுகளுக்குள் நிறுவனமும் கைமாறியது. 1956 ஜனவரி 19 அன்று ஆயுள் காப்பீட்டுத் தொழிலை அரசு அவசரச் சட்டத்தின் மூலம் தன்வசம் எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று 245 நிறுவனங்களையும் சங்கங்களையும் ஒன்றாக்கி ஆயுள் காப்பீட்டுக் கழகம் (எல்.ஐ.சி.) உருவாயிற்று. மவுண்ட் ரோட்டில் பாதி எழுந்து நின்ற கட்டடமும் அதனோடு சேர்ந்து அரசின் உடைமையாயிற்று. 1957-இல் இலண்டன் கட்டடக் கலைஞர்கள் விலகிக்கொள்ள, சென்னையைச் சேர்ந்த எல்.எம். சித்தாலே மீதிப் பணியை ஏற்று முடித்தார். திட்டத்தில் இருந்த பதினெட்டு மாடிகள் குறைந்தன. 1959 ஆகஸ்ட் 23 அன்று மத்திய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்துவைத்தபோது கட்டடத்தின் உயரம் 177 அடி. அன்று அதுவே நாட்டின் மிக உயரமான கட்டடங்களின் வரிசையில் முன்நின்றது. ஒரு தனியார் நிறுவனம் தன் நம்பகத்தைக் காட்டத் தொடங்கிய கட்டடம், ஒரு புதிய அரசுக் கழகத்தின் முகமாக முடிந்தது. மக்கள் அதற்குப் ‘பதினாலு மாடிக் கட்டடம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

சென்னையின் கட்டுமானத்தில் அது ஒரு திருப்பம். உயர் நீதிமன்றம், ரிப்பன் மாளிகை போன்ற பெருங்கட்டடங்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு, கனத்த சுவர்களின் பலத்தில் நிற்பவை. எல்.ஐ.சி. கான்கிரீட் தூண்களின்மேல் நின்றது. பிற்காலத்தில் ஊருக்கு ஊர் வந்த அடுக்குமாடிகள் எல்லாம் பின்பற்றிய முறை அது. கிராமத்திலிருந்து ஒருவன் சென்னைக்கு வந்து இறங்குகிறான் என்பதைக் காட்டத் தமிழ்த் திரைப்படங்கள் வெகுகாலம் இந்தக் கட்டடத்தைத்தான் அடியிலிருந்து நுனிவரை காட்டின. என் தலைமுறை மலைக்காரர்களில் பலர், மின்தூக்கி என்ற ஒன்றை நேரில் பார்ப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கட்டடத்தைத் திரையில் பார்த்துவிட்டவர்கள். 1975 ஜூலையில் பெருந்தீ பிடித்துக் கட்டடத்தின் உள்பகுதிகள் எரிந்தபோதும் தூண்களும் தளங்களுமான சட்டகம் நின்றது. பழுதுபார்க்கப்பட்டு இன்றும் அலுவலகங்கள் அங்கே இயங்குகின்றன.

இந்த வரலாற்றில் மலைக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு, அது எந்த விழா மலரிலும் இடம்பெறாத அளவுக்குச் சாதாரணமான செய்தி. அந்தக் கட்டடத்தின் நான்கு மூலைகளும் ஒரே மட்டத்தில், ஒரே வகை மண்ணின்மேல் நிற்கின்றன. பாரம் நேராகக் கீழே இறங்குகிறது. மழை பெய்தால் நீர் பக்கவாட்டில் தள்ளுவதில்லை. சென்னையில் இருப்பவர்களுக்கு இது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றாது. மலையில் கட்டுகிறவனுக்கு எல்லாமே இங்கிருந்துதான் மாறுகிறது.

கல் பங்களாவிலிருந்து

உதகையின் முதல் அலுவலகக் கட்டடம் எது என்று கேட்டால், வீடாகக் கட்டப்பட்டுப் பிறகு அலுவலகமான ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் கோத்தகிரிப் பக்கம் ஏறிவந்து கன்னேரிமுக்கில் தங்கினார். 1822-இல் உதகையில் தோடர்களின் நிலத்தில் ஒரு கல் வீட்டைக் கட்டத் தொடங்கினார். மலை மக்கள் அதைக் ‘கல் பங்களா’ என்றார்கள். பிற்காலத்தில் உதகை சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகரானபோது, கோட்டையிலிருந்து கோப்புகளோடு ஏறிவந்த தலைமைச் செயலக ஊழியர்கள் அமர்ந்தது அந்த வளாகத்தில்தான். இன்று அங்கே அரசு கலைக் கல்லூரி நடக்கிறது. 1868-இல் நீலகிரி கோயம்புத்தூரிலிருந்து பிரிக்கப்பட்டு ஆணையரின் கீழ் வந்தது. 1882-இல் கலெக்டர் பதவி உருவாயிற்று. அதற்கேற்ப நகரின் நடுமேட்டில் அலுவலகங்களும் நீதிமன்றமும் நூலகமும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன.

இவற்றில் எதுவும் உயரமான கட்டடம் இல்லை. அன்று உயரத்தைத் தடுக்கும் விதி எதுவும் கிடையாது. பொருளைக் கொண்டுவருவதுதான் தடையாக இருந்தது. 1830-இல் திருநிலைப்படுத்தப்பட்ட புனித ஸ்டீபன் தேவாலயத்துக்கு வேண்டிய பெரிய தேக்கு உத்தரங்களை, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இடிக்கப்பட்ட திப்புவின் அரண்மனையிலிருந்து மலைமேல் கொண்டுவந்தார்கள் என்றால், நல்ல மரம் ஒன்றுக்கு எவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது என்று எண்ணிப் பார்க்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் குன்னூருக்கு வந்தது 1899-இல். உதகைக்கு வந்தது 1908-இல். அதுவரை சுமையெல்லாம் மாட்டின் முதுகிலும் மாட்டு வண்டியிலும் ஆளின் தோளிலும் ஏறிவந்தவை. காற்றும் குளிரும் வேறு. கூரை தாழ்வாக இருந்தால்தான் கணப்பின் சூடு அறையில் தங்கும்.

அந்தக் காலத்துக் கட்டடங்கள் எங்கே நிற்கின்றன என்பதைக் கவனித்தால் இன்னொன்றும் புலப்படும். நீண்ட சரிவுகளை விட்டுவிட்டு, குன்றுகளின் தலையிலும் தோளிலும், இயல்பாகவே சற்றுத் தட்டையாக இருந்த இடங்களில் கட்டியிருக்கிறார்கள். பள்ளங்களில் சதுப்பு நிலம் இருந்தது. சல்லிவன் வெட்டுவித்த ஏரி இன்று நாம் பார்ப்பதைவிடப் பெரியது. இன்றைய பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் அந்த ஏரி சுருங்கிய இடத்தில் உள்ளவை. பலத்த மழை பெய்தவுடன் பேருந்து நிலையத்துக்கு அருகில் ரயில் பாலத்தின் கீழ்ச் சாலையில் முழங்காலளவு தண்ணீர் தேங்குவதை உதகையில் இருப்பவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். தண்ணீர் தன் பழைய இடத்துக்கு வருகிறது. ஆகவே, உதகையில் உயரமான கட்டடம் வேண்டும் என்கிறவர்கள் ‘இதோ சமதளம் இருக்கிறதே’ என்று கைகாட்டும் இடங்கள் பெரும்பாலும் ஏரிப்படுகையும் சதுப்புமாக இருந்தவை என்பதை மறந்துவிடக் கூடாது. மற்ற இடமெல்லாம் சரிவு.

விதி வந்த கதை

1970-களுக்குப் பிறகு சுற்றுலா பெருகியபோது நிலைமை மாறியது. சிமெண்டும் கம்பியும் லாரியில் வந்து இறங்கின. ஓட்டுக் கூரை வீடுகள் இருந்த மனைகளில் கான்கிரீட் விடுதிகள் எழுந்தன. 1978-லும் 1979-லும் நீலகிரியில் பெரிய நிலச்சரிவுகள் ஏற்பட்டு உயிர்கள் போயின. மலையின் எந்தப் பகுதி எவ்வளவு அபாயமானது என்று நிலவியல் துறையினர் வரைபடம் போடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். 1990-இல் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தை அரசு அமைத்தது. 1993-இல் மலை நகரங்களுக்கென்று தனிக் கட்டட விதிகள் வந்தன. நீலகிரிக்குப் பெருந்திட்டமும் வந்தது. சமவெளியில் எந்த நகராட்சியும் கேட்டிராத ஒரு கட்டுப்பாடு அப்போது நிலைபெற்றது: கட்டடத்தின் உயரம் ஏழு மீட்டரைத் தாண்டக் கூடாது. ஏழு மீட்டர் என்றால் ஏறத்தாழ 23 அடி. தரைத்தளமும் அதன்மேல் ஒரு தளமும், அவ்வளவுதான். அண்ணா சாலையின் 177 அடிக்கு அருகில் வைத்தால் ஏழில் ஒரு பங்குகூட வராது.

அதே 1993 நவம்பரில், குன்னூர் மலைப்பாதையில் மரப்பாலம் அருகே மலை சரிந்து, சாலையையும் ரயில் பாதையையும் வாரிக்கொண்டு போனது. பேருந்துகளில் வந்தவர்களும் மண்ணோடு போனார்கள். அந்த வளைவைக் கடக்கும்போது இன்றும் பேச்சை நிறுத்திவிடும் பெரியவர்களை எனக்குத் தெரியும்.

விதி இருந்தும் அதை மீறி உயர்ந்த ஒரு கட்டடத்தின் கதை, தமிழ்நாட்டின் அரசியலையே தொட்டுச் சென்றது. அது நடந்தது பழனி மலையில். கொடைக்கானலில் ‘பிளசண்ட் ஸ்டே’ என்ற விடுதிக்கு இரண்டு தளங்கள் கட்ட அனுமதி தரப்பட்டிருக்க, அங்கே ஏழு தளங்கள் எழுந்தன. 1994-இல் அரசு அதற்கு விதிவிலக்கு அளித்து ஆணை பிறப்பித்தது. பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் வழக்குத் தொடுத்தது. 1995-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அரசாணையை ரத்து செய்தது. பிறகு அந்த விதிவிலக்கைத் தந்தது குறித்துக் குற்ற வழக்கும் பதிவாயிற்று. 2000 பிப்ரவரி 2 அன்று தனி நீதிமன்றம் முன்னாள் முதலமைச்சர் ஜெயலலிதாவுக்கு ஓராண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. தண்டனை அறிவிக்கப்பட்ட நாளில் தருமபுரி அருகே கல்லூரிப் பேருந்து ஒன்று எரிக்கப்பட்டு, கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மூன்று மாணவியர் உயிரிழந்ததை இந்த மாநிலம் மறக்கவில்லை. மலையில் கூடுதலாக எழுந்த சில மாடிகளிலிருந்து தொடங்கிய வழக்கு அது என்பது பலருக்கு நினைவில்லை.

சாலையிலிருந்து தெரியாத மாடிகள்

விதியை நான் ஆதரிக்கிறேன். அது இல்லாமல் இருந்திருந்தால் உதகையின் நடுச் சந்திப்பான சேரிங் கிராஸைச் சுற்றி இன்று என்ன நின்றிருக்கும் என்று கற்பனை செய்யவே தயக்கமாக இருக்கிறது. ஆனால் முப்பது ஆண்டுகளாக இந்த விதியோடு வாழ்ந்ததில் ஒரு குறை எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. விதியின் கண் மேல்நோக்கியே இருக்கிறது.

குன்னூரில் சாலையோரம் நடந்துபோனால் ஒற்றைத் தளக் கடைகளின் வரிசையாகத் தெரியும். ஒரு ஷட்டர், அதன் பக்கத்தில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு சந்து, அதில் செங்குத்தாக இறங்கும் படிகள். அந்தப் படிகளில் இறங்கிப் பாருங்கள். சாலை மட்டத்துக்குக் கீழே ஒரு குடித்தனம், அதற்குக் கீழே இன்னொன்று, சில இடங்களில் அதற்கும் கீழே சரக்கு வைக்கும் அறை. பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கத்தில் நின்று பார்த்தால்தான் அது நான்கு மாடிக் கட்டடம் என்பது தெரியும். சமவெளியில் மாடிகள் மேலே போகின்றன. மலையில் அவை கீழே இறங்கியிருக்கின்றன.

கீழே இறங்கும் மாடிக்கு இடம் எங்கிருந்து வருகிறது? சரிவை வெட்டி எடுத்தால்தான் வரும். நீலகிரியின் அடியில் இருப்பது சார்னோகைட் என்ற கடினமான பாறை. அதன்மேல், வெயிலிலும் மழையிலும் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சிதைந்த செம்மண் போர்வை பல இடங்களில் பல மீட்டர் ஆழத்துக்குக் கிடக்கிறது. காய்ந்திருக்கும்போது இந்த மண் செங்குத்தாக வெட்டினாலும் சுவர்போல் நிற்கும். அதுதான் ஆபத்து. ஜனவரியிலோ பிப்ரவரியிலோ பொக்லைனைக் கொண்டு வெட்டியவருக்கு, நின்றுகொண்டிருக்கும் அந்த மண்முகம் தைரியம் கொடுத்துவிடுகிறது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை இறங்கி, நீர் மண்ணின் துளைகளில் நிறைந்து, பாறைக்கும் மண்ணுக்கும் இடையில் தேங்கத் தொடங்கியதும் அதே மண்ணின் பிடிப்புத் தளர்கிறது, எடையோ கூடுகிறது. அடியில் வெட்டி எடுக்கப்பட்ட சரிவுக்குக் கால் இல்லை. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மாவட்டம் முழுவதும் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

வெட்டிய முகத்துக்கு எதிரே கட்டும் தடுப்புச் சுவர்தான் மலைக் கட்டடத்தின் உண்மையான அடித்தளம். பழைய கொத்தனார்கள் அதைக் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். சுவருக்கும் மண்ணுக்கும் நடுவில் உடைகல்லை நிரப்புவார்கள். சுவரில் முழத்துக்கு ஒன்றாகச் சிறு குழாய்த் துண்டுகளை வெளிப்பக்கம் சற்றுச் சாய்த்து வைப்பார்கள். மழைக்காலத்தில் அந்தக் குழாய்கள் ஒவ்வொன்றிலிருந்தும் தெளிந்த நீர் சொட்டிக்கொண்டிருக்க வேண்டும். நீர் கலங்கலாக வந்தால் பின்னால் மண் கரைகிறது என்று பொருள். அடைமழையிலும் குழாய் காய்ந்திருந்தால் அது இன்னும் மோசம். நீர் வெளியேற வழியின்றிச் சுவருக்குப் பின்னால் ஏறிக்கொண்டிருக்கிறது. இப்போது கட்டப்படும் பல சுவர்களில், அழகுக்காகச் சிமெண்டுப் பூச்சு பூசும்போது இந்தத் துளைகளையும் சேர்த்தே பூசிவிடுகிறார்கள். என் வீட்டுக்கு மேல்பக்கம் உள்ள சுவரிலும் அப்படித்தான் நடந்தது; இரண்டு மழைக்காலத்துக்குள் சுவர் நடுவில் வயிறு தள்ளியது. கம்பியால் குத்தித் துளைகளைத் திறந்தபோது ஒரு மணி நேரம் செந்நிறத் தண்ணீர் பீறிட்டது.

2024 பிப்ரவரி 7 அன்று உதகையை அடுத்த லவ்டேல் காந்தி நகரில் ஒரு வீட்டுக் கட்டுமானத்துக்காகத் தடுப்புச் சுவர் எழுப்ப மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மேலே இருந்த பழைய பொதுக் கழிப்பிடக் கட்டடம் சரிந்து அவர்கள்மேல் விழுந்தது. வேலைக்கு வந்த ஆறு பெண்கள் இறந்தார்கள். மழையே இல்லாத மாதம் அது. அங்கே எந்தக் கட்டடமும் ஏழு மீட்டரைத் தாண்டி மேலே எழவில்லை. உயர விதி அந்த இடத்தில் கேட்டிருக்கக்கூடிய கேள்வி எதுவும் இல்லை. வெட்டு எவ்வளவு ஆழம், வெட்டிய முகத்தின் சாய்வு என்ன, அதன் தலைமேல் என்ன பாரம் நிற்கிறது என்பவையே அங்கே கேட்கப்பட்டிருக்க வேண்டியவை.

மீண்டும் அந்தக் கேள்விக்கு

இனி, ஒரே கட்டடமாக உயர்த்தலாமே என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். பத்து மாடி அலுவலகம் ஒன்றை உதகையில் நிறுத்த வேண்டுமானால், அதற்கான சமதளத்தைச் சரிவில் வெட்டித்தான் உண்டாக்க வேண்டும். மேல்பக்கத் தூண்கள் பாறைக்கு அருகிலும் கீழ்ப்பக்கத் தூண்கள் நிரப்பிய மண்ணிலும் நிற்கும். ஒரு பக்கம் விரலளவு அமிழ்ந்தாலும் மறுபக்கம் அமிழாவிட்டால் சட்டகம் முறுக்கிக்கொள்ளும். பாறை வரை ஆழமாக இறங்கும் அடித்தளம் அமைத்து இதைச் சமாளிக்கலாம் என்று பொறியாளர்கள் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் அந்த ஆழத்தைத் தோண்டும்போது பக்கத்து மனைகளின் காலையும் சேர்த்தே அசைக்க வேண்டியிருக்கும்.

அதோடு முடியாது. உதகைக்குக் குடிநீர் முக்கியமாக பார்சன்ஸ் வேலியிலிருந்து வருகிறது. கோடையில் சீசன் கூட்டம் வந்ததும் வீடுகளுக்குத் தண்ணீர் விடும் இடைவெளி நீண்டுவிடுகிறது. ஆயிரம் பேர் வந்துபோகும் கட்டடத்தின் கழிவுநீர், பாதாளச் சாக்கடை இல்லாத சரிவில் செப்டிக் டேங்கின் வழியாக மண்ணுக்குள்தான் இறங்கும். மழை செய்யும் வேலையை அது ஆண்டு முழுவதும் செய்யும். தீ பிடித்தால் உயர ஏணி வண்டி கொண்டைஊசி வளைவுகளைக் கடந்து வந்து, நம் மேட்டுச் சந்துகளில் திரும்பி நிற்க வேண்டும். அண்ணா சாலையின் அகலத்திலேயே 1975-இல் அவ்வளவு சேதம் நேர்ந்தது.

அதனால் மனுக்காரரின் அலைச்சலுக்கு நான் சொல்லும் விடை வேறு. அலுவலகங்கள் ஒரே வளாகத்தில் இருக்கட்டும். ஒரே கட்டடத்தில் இருக்க வேண்டியதில்லை. தேயிலைத் தோட்டத்திலும் படுகர்களின் ஹட்டி எனப்படும் ஊர்களிலும் இருப்பதுபோல், சரிவின் போக்கிலேயே சிறு சிறு படிமட்டங்களில் இரண்டு தளக் கட்டடங்களை வரிசையாக வைத்து, நடுவில் கூரையிட்ட நடைபாதையால் இணைக்கலாம். வயதானவர்களும் மாற்றுத்திறனாளிகளும் வரும் பிரிவுகள் எல்லாம் பேருந்து நிற்கும் மட்டத்திலேயே இருக்க வேண்டும். மனு கொடுக்கும் இடம் ஒன்றே ஒன்றாக இருந்து, அங்கிருந்து துறைகளுக்குப் போகும் வேலையை மனுக்காரரின் கால்களுக்குப் பதில் அலுவலகமே பார்த்துக்கொள்ள வேண்டும். பிங்கர்போஸ்ட் வளாகத்தை இந்த வழியில் வளர்க்க ஏழு மீட்டர் விதி எந்த வகையிலும் குறுக்கே நிற்காது.

விதியில் சேர்க்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. கட்டட அனுமதிக்கு வரும் வரைபடத்தில் எல்லோருடைய பார்வையும் முதலில் விழுவது முன்தோற்றத்தின்மேல்: சாலையிலிருந்து பார்த்தால் எவ்வளவு உயரம், கூரை எப்படி என்பது. அதே முக்கியத்துவத்தைப் பக்கவாட்டு வெட்டுமுகப் படத்துக்கும் கொடுத்து, அதில் மூன்று கோடுகளைக் கட்டாயமாக்க வேண்டும். மனையின் இப்போதைய சரிவு ஒரு கோடு, வெட்டிய பிறகு இருக்கப்போகும் சரிவு மற்றொன்று, தடுப்புச் சுவரும் அதன் நீர்த்துளைகளும் மூன்றாவது. மேல்மனையிலும் கீழ்மனையிலும் என்ன நிற்கிறது என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். அனுமதி கொடுப்பவர் மண் வெட்டத் தொடங்குமுன் ஒருமுறையும், சுவர் முடிந்து முதல் பருவமழை பெய்தபின் ஒருமுறையும் அந்தத் தாளோடு மனைக்கு நேரில் வர வேண்டும். இரண்டாம் முறை வரும்போது அவர் பார்க்க வேண்டியது, துளைகளிலிருந்து வரும் நீர் தெளிவாக இருக்கிறதா என்பதை.